பிளந்த வால் காக்கா

கன்னங்கரேல் என்றிருந்த விடலைக் கரிச்சான் குருவி ஒன்று வல்லூறு மாதிரியே கத்தியது. மைனா பயந்து, கவ்வியிருந்த புழுவைப் போட்டுவிட்டுப் பறந்தது. கரிச்சான் அதை விழுங்குவதற்குள் நிஜ வல்லூறே மதிலில் வந்து இறங்கியது.

"எந்தக் கரிச்சான்டா என் குரல்ல கத்தினது? கிழிச்சிடுவேன்!"

"கா... கா... நான் காக்காண்ணே."

"காக்காவுக்கு ஏதுடா பிளந்த வாலு?"

"சின்ன வயசுல கதவிடுக்குல மாட்டிக்கிச்சுண்ணே."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா மதிலில் தயிர்சாதம் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள்.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க. சாப்பிடு," என்றது வல்லூறு.

புழுபூச்சி தவிர எதையும் தொடாத கரிச்சான், கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் விழுங்கியது, ஊறுகாய் உட்பட.

"ஐயோ, வாலில் அடிபட்ட காக்கா! என்ன பசியோ!" அம்மா இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

வல்லூறு வசதியாக உட்கார்ந்துகொண்டது. "மெதுவா சாப்பிடு தம்பி. எனக்கொண்ணும் அவசரமில்லே."