கண்ணாடி மேசையில் மூன்று மவுஸ்

மலிவு விலையில், வயர் வைத்த கேமிங் மவுஸ் மூன்று கடையின் கண்ணாடி மேசைமேல் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு கிடக்கின்றன. வந்திருப்பவர் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து க்ளிக் செய்கிறார், கண்ணை மூடுகிறார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் தலையாட்டுகிறார். கடைக்காரிக்குச் சிரிப்பு தொண்டைவரை வருகிறது. மவுஸுக்கு அடியில் போட அவள் எடுத்து நீட்டிய பேட் விரிப்பை, "அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கும்மா" என்று புறங்கையால் தள்ளிவிட்ட மேதாவி இவர். அந்தப் பேட் இப்போது அவள் முழங்கைக்கடியில் சுகமாக இருக்கிறது. வெறும் கண்ணாடியில் இந்த மவுஸ் ஒழுங்காக ஓடாது என்பதை அவள் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு! அவர் எதைக் கண்ணாடிமேல் நகர்த்தினாலும், மூன்றையும் இணைத்திருக்கும் கடைக் கணினியின் திரையில் அம்புக்குறி வெந்நீர் பட்ட பூச்சிபோல் துள்ளுகிறது. "சென்சார் படு மட்டம். மூணுமே குப்பை. இருபது வீடியோ பாத்துட்டு வந்திருக்கேன், என்கிட்டயேவா?" என்று முழங்குகிறார். பக்கத்தில் மவுஸ் வந்த பெட்டியின் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கும் அவருடைய மனைவி, விசிறுவதை நிறுத்தி, அந்த அட்டையை நடு மவுஸுக்கு அடியில் செருகுகிறாள். லேசாக நகர்த்துகிறாள். அம்புக்குறி நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. அவர் அவசர அவசரமாக வயரை ஆராய்கிறார். கடைக்காரி தன் நாற்காலியை அவர் மனைவியின் பக்கம் திருப்பிப் போடுகிறாள். "சொல்லுங்கக்கா, உங்களுக்கு எது வேணும்?"