மூன்றாவது கியரின் முனகல்

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர் வீட்டுச் சாம்பாரில் உப்பு கரையாமல் போகட்டும்.

பைபாஸ் ரோட்டுக் கார் கடையில், பளபளக்கும் புதுக் காருக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாம்பல்நிறக் கார் நின்றது. மூன்றாவது கியர் போட்டால் அது முனகும். இன்றைக்கும் விலை போகாவிட்டால் உடைக்க அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"வாயை மூடிக்கிட்டு ஓடு பெருசு. முனகினே, பழைய இரும்புக் கடைதான்," என்றது புதுக் கார்.

மதியம், தூங்காமல் அழும் கைக்குழந்தையோடு தாரிணியும் அவள் கணவரும் கார் பார்க்க வந்தார்கள். முதலில் புதுக் காரை ஓட்டிப் பார்த்தார்கள். வண்டியில் சத்தமே இல்லை; குழந்தையின் அழுகைதான் கேட்டது.

அடுத்துப் பழைய கார். பல்லைக் கடித்து முனகலை அடக்கிக்கொண்டே ஓடியது. ஒரு வேகத்தடை தூக்கிப் போட்டதும், 'ம்ம்ம்ம்ம்' என்று முனகல் வெளியே வந்துவிட்டது. தொலைந்தோம் என்று கார் கண்ணை மூடிக்கொண்டது.

குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. எதிரே சிக்னல் மஞ்சளிலேயே கண்ணயர்ந்தது. மேலே போன மேகம் ஒன்று இறங்கிவந்து புளியமரத்தில் தலை சாய்த்தது.

"ஏதோ சத்தம் வருதே தாரிணி."

"கியரை மாத்தினீங்க, நான் இறங்கிடுவேன்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி ஸ்பானரோடு ஓடிவந்தார். "சின்னச் சத்தம்தாம்மா, சரிபண்ணிடலாம்."

"அதுல கை வச்சீங்கன்னா வண்டியே வேண்டாம்."

அன்றுமுதல் ஆளில்லாத நேரத்தில் புதுக் கார் முனகிப் பழகுகிறது. நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அதற்கு மானம் போய்விடும்.