வீட்டைக் கடலில் சேர்த்தவன்

கயானாவில் எங்கள் கரை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சுவர் கட்டித் தடுத்திருக்கிறோம். மழைத் தண்ணீர் சேர்ந்தால், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிடுவது என் வேலை.

போன மழைக்காலத்தில் சர்வேயர் வீரப்பெருமாள் வந்து வீட்டை அளந்தான். என் மருமகன்தான். "சும்மா ஒரு சடங்குக்கு, மாமா" என்றான். எவனையும் நம்பாத நான், அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இன்று மனைவி அங்கம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"உங்க வீடு கடல்மட்டத்துக்குக் கீழ இருக்கறதால, கடல்னு பதிவாகியிருக்கு. சர்வேயர் அளந்து, நீங்களும் சம்மதிச்சிருக்கீங்க. படகு அனுப்புறோம்" என்றது இயந்திரக் குரல்.

"அடேய், அடுப்பு எரியுதுடா இங்க!"

படகு உடனே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதிக்கொண்டு, நாங்கள் மூழ்கிய இடத்தை அலைக்குள் தேடியது.