உட்புறத் தாழ்ப்பாள்

திருட்டுப் பயம் தாங்காமல்தான் தெருவே ஓட்டுப் போட்டது. ஆபத்தென்றால் காவலர்கள் சட்டென்று உள்ளே வரவேண்டும், அதற்காக எல்லா வீட்டு உட்புறத் தாழ்ப்பாள்களையும் அரசு கழற்றிக்கொள்ளலாம் என்று. கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் தணிகாசலம். அன்றிலிருந்து திருட்டே இல்லை. வாசலில் சைக்கிள் பூட்டாமல் கிடக்கிறது. காவலர்கள் மட்டும் தினமும் வருகிறார்கள். மரியாதையாகப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இன்று காலை தணிகாசலத்தின் மனைவி மரகதவல்லி புடவை மாற்ற உள்ளறைக்குப் போனாள். "ஏங்க, கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க." அவர் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காலுறையோடு சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றான் ஓர் இளம் காவலன்.

"கைய எடுங்க சார். உங்க பாதுகாப்புக்குத்தானே."

குரலில் அதட்டல் துளியும் இல்லை. அதட்டியிருந்தால் தணிகாசலம் சண்டைக்காவது போயிருப்பார். அவன் சிரித்தபடி காத்திருந்தான்.

உள்ளேயிருந்து மரகதவல்லி கேட்டாள்: "ஏங்க, பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"ஆமா, பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் தணிகாசலம். அவர் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.