வாராவாரம் போகும் கோயில்

மரக்காணம் உப்பள வரப்பில் உட்கார்ந்தபடியே பிலோமினா லைடன் நகரத்தைப் பாதி சுற்றிவிட்டாள். ஹாலந்தில் வேலை பார்க்கும் மகன் ஜெரால்டு, வாய்க்கால், பாலம், காற்றாலை என்று நடந்து நடந்து வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரிடா, நீ வாராவாரம் போற கோயில காட்டு.”

“கால் வலிக்குதும்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை எப்ப போன் பண்ணாலும், கோயில்ல இருக்கேன்னு சொல்லி வெச்சிடுற. இன்னிக்காவது நானும் பாக்கறேன்.”

வேறு வழியில்லாமல் நடந்தான். உயரமான கோபுரம் தெரிந்ததும் பிலோமினா செருப்பைக் கழற்றினாள். முந்தானையைத் தலையில் போட்டு, உப்பு முழங்காலைக் குத்தக் குத்த மண்டியிட்டாள்.

கதவு திறந்தது. பெரிய பெரிய தூண்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். அவளுக்குக் கண் கலங்கியது.

“பீடத்துக்கிட்ட போடா.”

போன் மெல்ல முன்னே நகர்ந்தது. பீடம் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகப் பாட்டில்கள் நின்றன. அங்கிருந்தவன் ஜெரால்டைப் பார்த்துச் சிரித்து, கேட்காமலேயே நுரை ததும்பும் கிளாஸ் ஒன்றை நீட்டினான்.

சிலுவை போட எடுத்த கை பிலோமினாவின் நெற்றியிலேயே நின்றுவிட்டது.

“பூசை நின்னு ரொம்ப வருஷமாச்சும்மா, கோயில பார் ஆக்கிட்டாங்க,” என்றான் ஜெரால்டு. “ஆனா நான் பொய் சொல்லல. ஒரு ஞாயித்துக்கிழமைகூட தவறவிட்டதில்ல.”