முடியாத ரிப்பேர்

“நேத்து வாங்குன பின்னு இன்னிக்கு எப்படிக் காணாமப் போகும்? கால் முளைச்சு நடந்து போச்சா?”

ஆரோக்கியநாதன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. திண்டுக்கல்லிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த ஆனிமேரி, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுவிட்டாள்.

ஒத்தக்கடை வீட்டு வாசலில் அவருடைய பழைய சைக்கிள் நின்றது. மிஷன் ஸ்கூலில் கிளார்க்காக இருந்த காலமெல்லாம் அதில்தான் போய் வந்தார். துருப்பிடித்துக் கிடந்ததை மூன்று மாதமாகப் பிரித்துப்போட்டு, பெயிண்ட் அடித்து, புது ரிம், புது செயின் எல்லாம் மாட்டிவிட்டார். பெடலை இறுக்கும் பின் மட்டும்தான் பாக்கி.

“முடியப்போற நேரத்துல ஒரு சாமான் காணாமப் போகுதும்மா. மொதல்ல பிரேக் கட்டை. அப்புறம் வால்வு. இப்ப பின்னு. ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம்னா விடமாட்டேங்குதே!”

உட்கார்ந்தார். எழுந்தார். சாக்கை உதறினார். மறுபடி உட்கார்ந்தார்.

“வீட்டுல யாருப்பா எடுக்கப் போறா?”

“எனக்கென்ன தெரியும்? உன் மதினியக் கேளு!”

உள்ளே மருமகள் எஸ்தர் தலை நிமிராமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

காபிக்குச் சர்க்கரை தேடி டப்பா டப்பாவாகத் திறந்த ஆனிமேரி, கடுகு டப்பாவில் திகைத்து நின்றாள். கடுகுக்குள் பளபளவென்று அந்தப் பின்.

“என்ன மதினி இது? வயசான மனுஷரு ஆசையா ஒரு சைக்கிள ரெடி பண்றாரு. அதுகூடப் பொறுக்கலையா உங்களுக்கு?”

எஸ்தர் அவசரமாக அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

“மெதுவாப் பேசு ஆனி. போன மாசம் மாமா பஸ் ஸ்டாப்புல தலை சுத்தி விழுந்துட்டாக. டாக்டரு எங்களைத் தனியாக் கூப்பிட்டு, சைக்கிள் பக்கமே விடாதீங்கன்னுட்டாரு. வண்டி ரெடியாச்சுன்னா அடுத்த நிமிஷம் மேலூர் ரோட்டுல ஏறிருவாக. பஸ்ஸும் லாரியும் பறக்குற ரோடு.”

“அதை அப்பாகிட்டயே சொல்லிரலாம்ல?”

“இனிமே உங்களால ஓட்ட முடியாதுன்னு எந்த வாயால சொல்ல? அத்தை போனதுலருந்து சுருண்டே கிடந்தாக. இந்த வண்டியத் தொட்ட பெறகுதான் நேரத்துக்குச் சாப்பிடுறாக. என்னைத் திட்டுனா திட்டிட்டுப் போகட்டும்.”

ஆனிமேரி பின்னைக் கடுகுக்குள்ளேயே புதைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“கடையில வேற பின்னு வாங்கிட்டு வரட்டாப்பா?”

வாய் கேட்டதே தவிர, கால் நகரவில்லை.

ஆரோக்கியநாதன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

“வேணாம்மா. கடுகு டப்பாவுலதான் இருக்கு.”

“அப்பா!”

“அன்னைக்கு டாக்டர் ரூம் கதவை யாரும் சரியாச் சாத்தல. அம்புட்டும் கேட்டுச்சு.”

“தெரிஞ்சுமா மதினியப் போட்டு இப்படிக் கத்துறீங்க?”

“நான் கத்தலைன்னு வையி… மாமாவுக்கு ஆசையே விட்டுப்போச்சு போலன்னு அந்தப் புள்ள உக்காந்து அழும்மா.”