வளைவில் அடங்காத உறுமல்

"சௌம்யா, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுடீ!"

"எடுத்தாச்சுப்பா! கிளட்சை மிதிச்சு கியர் மாத்தினாலும் இரைச்சல் சட்டுனு குறைய மாட்டேங்கறது."

பொன்முடிச் சாலையில் வளைவுக்கு வளைவு இதே கூத்து. கியர் மாற்றும்போது அடங்க வேண்டிய என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. என் பக்கம் அதல பாதாளம். மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தினமும் புதிதாய் வாங்கிய இந்தப் பழைய காரில்தான் ஏறி இறங்க வேண்டும்.

"வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆத்துக்குத் திருப்பு!" அதட்டலாகச் சொல்ல நினைத்தேன், கீச்சென்று வந்தது.

மலையடிவாரத்து விதுரா ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் லிங்கராஜ் தனியாக ஓட்டிப் பார்த்தார். உறுமல் இல்லை. சௌம்யா தனியாக ஓட்டினாள். அப்போதும் இல்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி உறுமல்.

"சாறு ஏறாம இருந்தா வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்று என்னைக் காட்டினார் பின்சீட்டிலிருந்த லிங்கராஜ்.

சௌம்யா காரை நிறுத்தி என் கால்களைப் பார்த்தாள்.

"எதுக்குப்பா தரையை இப்படி மிதிக்கறேள்?"

"பயத்துல பிரேக் பிடிக்கறேன்."

"உங்க பக்கம் பிரேக் ஏது?"

என் காலடியிலிருந்த தடித்த விரிப்பை அவள் தூக்கினாள். அடியில் மூன்று பெடல்கள். லிங்கராஜ் எட்டிப் பார்த்தார்.

"அட, டிரைவிங் ஸ்கூல் வண்டியாக்கும் இது! சாறு மிதிச்சது ஆக்ஸிலேட்டர். எல்லாத்தையும் கழத்திரட்டா?"

என் முழங்காலில் சௌம்யா கை வைத்தாள்.

"ஆக்ஸிலேட்டரை மட்டும் கழத்துங்கோ அண்ணா. பிரேக் இருக்கட்டும். நாளைக்கும் அப்பா கூட வருவார்."